பத்தொன்பது வருடமாக விற்பனைக்கு

காபிக்கு நன்றி, தம்பி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் போலீஸ் ஸ்டேஷன் காபியில் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. உங்களை எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு வரிசையில் பட்டாணியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மசித்த உருளைக்கிழங்குக்கு மறுபடி வந்து நிற்பீர்கள். இருபத்தாறு வருடம் அங்கே கரண்டி பிடித்தவள் நான். ஒரு பிள்ளைக்கும் குறைத்து வைத்ததில்லை. இந்த லவானைக் கல்நெஞ்சக்காரி என்று ஊரில் பேசிக்கொள்வதாக நீங்கள் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்திலிருந்து மதியம் ஒன்று ஐந்துவரை என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்கள். காரை விற்றுக்கொண்டிருந்தேன்.

1967ஆம் வருடத்துப் பான்டியாக் ஜிடிஓ. நம்ம மன்சி ஊரில் அதைப் பார்க்காதவர்கள் யார் இருக்கிறார்கள், நீங்களே சைக்கிளை நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். என் கணவர் வெர்லின் அதைத் துருப்பிடித்த கூடாக ஒரு கோழிப்பண்ணையிலிருந்து இழுத்து வந்தார். அவர் வேலை பார்த்த ஆலையில் செய்த நாலு வேக கியர் பெட்டி அதில் இருந்ததாம், அதனால் விட மனசில்லையாம். பதினோரு வருடம் அதோடு மல்லுக்கட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் தினமும் ஒரு வார்த்தை சொல்வார்: "இத முடிச்சு வித்துட்டா நேரா அரிசோனாதான் லவான். ஜோலீன் வீட்டுக்குப் பக்கத்துலயே வீடு."

ஜோலீன் எங்களுக்கு ஒரே மகள். படிக்கப் போனவள் அரிசோனாவிலேயே, டூசானில் தங்கிவிட்டாள்.

கார் முடிந்தது. முன்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று அட்டை வைத்தார். அந்த அட்டை பத்தொன்பது வருடம் அங்கேயே இருந்தது. வெயிலில் வெளுக்க வெளுக்கப் புதிதாக எழுதி வைப்பார். இந்தப் பக்கத்து ஆம்பளைகள் பலபேர் அப்படித்தான். விற்பதற்காக வைப்பதில்லை. போகிறவன் வருகிறவன் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, வாயைப் பிளக்க வேண்டும், அதற்குத்தான் அட்டை. ஊருக்கே அது தெரியும். அந்த அட்டையை நம்பியவள் நான் ஒருத்திதான்.

வாங்க வருகிறவர்களுக்கு அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். "இந்தக் கார்ல ஒரே ஒரு சாமான் அந்த வருஷத்தோடது இல்ல. எதுன்னு சொல்லுங்க, அப்புறம் விலை பேசலாம்." கண்டுபிடிக்கத் தெரியாதவனிடம், "இது உங்களுக்குச் சரிப்படாது, போய்ட்டு வாங்க" என்பார். கண்டுபிடித்துவிட்டால் முகம் சிவந்து, "ரொம்பத் தெரிஞ்சவன் மாதிரி பேசறான்" என்று துரத்திவிடுவார். எப்படி ஜெயிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

ஜோலீன் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அயோவாவிலிருந்து ஒருத்தன் பார்க்க வருகிறானாம். வந்தவன் கார்க் கதவை ஓங்கிச் சாத்தினான் என்று அதற்கே விரட்டிவிட்டார். அப்பா ஸ்தானத்தில் மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போனது நான். பேத்தி பிறந்தபோதும் அதே கதை. அந்தப் பேத்திக்கு இப்போது பன்னிரண்டு வயது. என்னை இரண்டு தடவைதான் நேரில் பார்த்திருக்கிறாள். நான் மட்டும் தனியாகப் போனால் அவர் இரண்டே நாளில் போன் போட்டு, "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்பார். ஓடி வந்து பார்த்தால் காருக்கு மெழுகு போட்டுக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது, "நாளைக்குக் கென்டக்கிலேந்து ப்ரூவிட்னு ஒருத்தன் டிரெய்லரோட வரானாம். கார ஏத்திட்டுப் போக டிரெய்லரோட. திமிரப் பாரு. வெறும் டிரெய்லரோடதான் திரும்பிப் போவான்" என்று சிரித்தார். நான் ஆப்பிள் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. இன்னும் எத்தனை டிரெய்லர் வரும்?

காலையில் ஒன்பது பத்துக்குக் காபி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் வாய் கோணியிருந்தது. இடது கை தொங்கியது. ஏதோ சொல்ல வந்தார், நாக்கு குழறியது. அது என்னவென்று எனக்குத் தெரியாது என்று சொல்லப்போவதில்லை. பக்கவாதம் வந்தால் முகம், கை, பேச்சு பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த காந்த அட்டை எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. தினமும் பால் எடுக்கும்போது படிக்கிறேன்.

போன் என் ஏப்ரன் பையில் இருந்தது. அந்த நேரத்தில் வாசலில் டிரெய்லர் சத்தம் கேட்டது.

அவர் தொப்பியைக் கண்வரைக்கும் இறக்கிவிட்டேன். கைக்குட்டையால் வாயைத் துடைத்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்தேன். கண்காட்சிகளில் கார்க்காரர்கள் இப்படித்தான் காருக்குப் பின்னால் தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால்கூடப் பேச மாட்டார்கள். ப்ரூவிட்டுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"காலைலேந்து அழுதுட்டிருக்கார். உங்க முன்னாடி காட்டிக்க வெக்கப்படறார்" என்றேன்.

ப்ரூவிட் தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "புரியுதும்மா. எங்கப்பா அவரோட காரை வித்த அன்னைக்கு யாரோடயும் பேசல" என்றார். நல்ல மனிதர். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிதானமான ஆள் வேறு. அடியில் படுத்துப் பார்த்தார், மூன்று தடவை எஞ்சினைப் போட்டுக் காது கொடுத்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அவசரப்பட்டால் காரில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். கேக்கும் காபியும் கொடுத்தேன். உச்சி குளிர்ந்துபோய் இன்னொரு துண்டு கேட்டார். பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "ஐயா, போன்ல ஒரு கேள்வி கேட்டீங்க. சிகரெட் லைட்டர்தானே? அது அறுபத்தெட்டாம் வருஷத்தோடது."

வெர்லின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம்தான்.

"கோவிச்சுக்கிட்டாரா?" என்றார் ப்ரூவிட்.

"இல்ல. உங்களுக்கே தரேன்னு சொல்றார்" என்றேன்.

காரின் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நான். நாற்பத்தாறு வருடமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும் ஜோலீனின் மதிப்பெண் அட்டைக்கும் அவர் பேரை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? அவர் கையெழுத்து அவரைவிட எனக்கு நன்றாக வரும்.

பதினொன்றரைக்கு டிரெய்லர் கிளம்பியது. அப்போதாவது கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அப்போதுகூட ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நேரம் இருந்தது என்று டாக்டரும் சொன்னாராம். நான் முதலில் ஜோலீனைக் கூப்பிட்டேன். ஐம்பத்திரண்டு நிமிடம், உங்களிடம் கணக்கு இருக்கிறது. "அம்மா, நெஜமாவா? அப்பா எப்படி இருக்கார்?" என்று அழுதாள். "அமைதியா உக்காந்திருக்கார்மா" என்றேன். பொய்யில்லை, எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தார். எங்கே வீடு பார்க்கலாம், பேத்தியின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எல்லாம் பேசினோம். அதற்குப் பிறகு ஷெட்டைப் பெருக்கினேன். முப்பது வருடத்துக்கு அப்புறம் அந்தத் தரையை முழுசாகப் பார்த்தேன், தம்பி. எவ்வளவு பெரிய இடம். அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் போய்விட்டார். வருத்தப்படுகிறேனா என்று கேட்டீர்கள். இல்லை. அந்த நாலு மணி நேரத்துக்கு நீங்கள் ஒரு பேர் வைத்திருக்கிறீர்கள். என்னுடைய முப்பது வருடத்துக்கு யாராவது பேர் வைத்தார்களா? ஜோலீன் இப்போது என் போனை எடுப்பதில்லை. இரண்டொரு வாரத்தில் சரியாகிவிடுவாள். பெட்டியெல்லாம் கட்டித் தயாராக வைத்திருக்கிறேன்.

அவருக்கு நினைவு இருந்ததா, விற்பனைக்குச் சம்மதித்தாரா என்று வக்கீல்கள் கேட்பார்கள் என்கிறீர்கள். நினைவு தெளிவாக இருந்தது. கண் என்னையேதான் பார்த்தது. சம்மதமும் இருந்தது. ப்ரூவிட் முதல் தடவை எஞ்சினைப் போட்டுப் பார்க்கச் சாவி கேட்டபோது அது வெர்லினின் வலது கையில் இருந்தது, அந்தக் கை நன்றாகத்தான் இருந்தது. நான் போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். அவராகவே கொடுத்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். விரல்களை மட்டும் நான் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.