இரைச்சல் இல்லாத பிக்கப்

ஆம்பூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கிறோம். அதில் கையெழுத்து நன்றாக இருப்பவன் நான். அதனால்தான் காசி ஷாக் அடித்து இறந்தது எப்படி என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது இன்ஸ்பெக்டர் ஐயா. கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் அந்தோணி. சத்தார் பாயின் டேனரியில் பதினோரு வருடமாக மோட்டார் பார்க்கிறேன். தோல் சுற்றும் டிரம் நின்றுபோனால் உள்ளே இருக்கும் தோல் யாருக்காகவும் காத்திருக்காது, அழுக ஆரம்பித்துவிடும். எழுபத்தெட்டில் வேளாங்கண்ணிக்குப் போக லீவு கேட்டேன். "தாராளமா போய்ட்டு வா அந்தோணி. சாயங்காலத்துக்குள்ள வந்துடு, இல்லன்னா பேஜாராய்டும்," என்றார். நல்ல மனிதர். வேளாங்கண்ணி எத்தனை தூரம் என்று யோசிக்கவில்லை, அவ்வளவுதான். நான் போகவில்லை.

காசிக்கு ஷூ கம்பெனியில் வேலை. முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரிகளில் எலக்ட்ரிக் கிடார் வாசிப்பான். போன வருடம் ஏலகிரியில் ஒரு விருந்தில் வாசித்தபோது, மெட்ராஸ் ஹோட்டல் ஒன்றில் ஜாஸ் வாசிக்கும் குழுவின் தலைவர் கேட்டிருக்கிறார். "விரல் நல்லாயிருக்கு. டோன்தான் தகரம் மாதிரி இருக்கு, சரி பண்ணிட்டு வா," என்றாராம். காசி நேராக என்னிடம் வந்தான்.

"நீதான்டா கைகொடுக்கணும். அந்த வேல கெடச்சா உன்னியும் இட்டுக்கினு போய்டுவேன். அங்க ஆம்ப் பாக்க ஆள் வாணாமா?"

என்னை எங்காவது கூட்டிப்போகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

பிக்கப் என்பது கிடார் கம்பிகளுக்குக் கீழே இருக்கும் காந்தமும் காயிலும். கம்பியின் அதிர்வை அதுதான் ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். கிடாரோடு வந்த பிக்கப், கம்பிகள் முடியும் கட்டைப் பக்கம் இருந்தது. அங்கே சத்தம் கூர்மை, சினிமாப் பாட்டுக்குப் போதும். ஜாஸுக்குக் கழுத்துப் பக்கம் வைக்க வேண்டும். அங்கே கம்பி அகலமாக ஆடும், சத்தம் உருண்டு திரண்டு வரும். ஒற்றைக் காயில் என்றால் சுற்றுப்பட்ட மோட்டார் இரைச்சலெல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். எதிரெதிராக இணைத்த இரட்டைக் காயில் என்றால் ஒன்றின் இரைச்சலை இன்னொன்று தின்றுவிடும். தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் நாலு பிக்கப் சுற்றிப் பார்த்தேன். "இது கம்மிடா," என்பான். அடுத்ததற்கு "ஜாஸ்தியாய்டுச்சு, சேறு மாதிரி கீது," என்பான். ஐந்தாவது, காயிலுக்கு ஐயாயிரம் சுற்று. அன்று ஒரே ஒரு கம்பியைத் தட்டினான், அது அடங்கும்வரை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதம், ஞாயிறு தவறாமல் வந்தான். நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஆறு மாதம்தான்.

அவனுடைய ஆம்ப்ளிஃபயர் பழசு. இரண்டு பின் பிளக். மாற்றிச் செருகினால் பெட்டிக்கும், அதன் வழியாகக் கிடார் கம்பிக்கும் கரண்ட் வந்துவிடும். ஆனால் அப்போது பழைய பிக்கப் கொர்ரென்று இரையும். கம்பியில் கை வைக்காமல் பிளக்கைத் திருப்பிச் செருகுவான். இந்தப் பக்கத்துக் கச்சேரிக்காரர்கள் யாரும் டெஸ்டர் வைத்துப் பார்க்கமாட்டார்கள், காதால்தான் பார்ப்பார்கள். என் பிக்கப் இரையாது, தப்பாகச் செருகினாலும் காதுக்குத் தெரியாது. அதனால் அவன் மனைவி அமிர்தவள்ளியிடம் நெயில் பாலிஷ் வாங்கி, பிளக்கில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். "பொட்டு எப்பவும் வலது பக்கம் வரணும்," என்றேன். "நீ சொன்னா சரிடா," என்றான்.

தை மாதம் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. என் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அங்க அவங்களே ஆள் வெச்சிருக்காங்கடா. நான் போய் காலூனிக்கிறேன், அப்பறம் பாக்கலாம். உனக்கு இங்க இன்னா கொற? பாய் உன்னத் தங்கமா வெச்சினுகீறாரு."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அன்று ஒரு டிரம் மோட்டார் எரிந்து வந்திருந்தது, உட்கார்ந்து சுற்றினேன். எண்ணிக்கை ஒன்றுகூடத் தவறவில்லை.

மெட்ராஸ் போகும் முன் அவன் வாசித்த மாதனூர் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மதியம் பந்தி முடிந்து தரையெல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள். காசி ஷூ தைக்கிறவன்தான், ஆனால் கிடாரைத் தொடும்போது காலில் செருப்பு இருக்கக் கூடாது அவனுக்கு. கழற்றிவிட்டு, கிடாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஆரம்பிப்பான். அன்றும் அப்படித்தான்.

கவனக்குறைவு என்று நீங்கள் எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். "அவரு பொட்டப் பாக்காம சொருகிட்டாராண்ணா?" என்று அமிர்தவள்ளி என்னிடமே கேட்கிறாள். அது நியாயமில்லை. காசி பார்த்துத்தான் செருகினான். அவன் சாப்பிடப் போயிருந்தபோது பழைய பொட்டை பிளேடால் சுரண்டிவிட்டு, மறுபக்கம் புதுப் பொட்டு வைத்தவன் நான். நெயில் பாலிஷ் பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன்.

கொல்ல நினைக்கவில்லை ஐயா. ஓர் உதறு உதறும், கை கொஞ்ச நாள் நடுங்கும், மெட்ராஸ் போகமாட்டான், ஞாயிற்றுக்கிழமை வருவான் என்றுதான் கணக்குப் போட்டேன். மெயின் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கம்பியைப் பிடித்த கையை அவனால் எடுக்க முடியவில்லை. அவன் தட்டிய முதல் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என்னை வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகும் முன் சத்தார் பாயிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், டிரம்மில் தோல் கிடக்கிறது. மற்றபடி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். என் வேலையில் குறை என்று மட்டும் எழுத வேண்டாம். கடைசிவரை அந்தப் பிக்கப்பில் துளி இரைச்சல் வரவில்லை.