விரல் நுழையாத வேலி

பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போவதில் பெரிய தொல்லை ஷூ கயிறுதான், சார்ஜென்ட். துப்பாக்கிச் சத்தம் எப்போதாவது வரும். கயிறு தினமும் அவிழும். வரிசை முழுவதும் நின்றுவிடும், நான் மண்டியிட்டுக் கட்டுவேன். ஜோடீனுக்கும் கட்டியிருக்கிறேன். பள்ளி வாசலில் நான் அவளிடம் பேசுவது கேமராவில் தெரிகிறது, என்ன பேசினேன் என்பது கேட்கவில்லை என்கிறீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நானும் ஜோடீனின் அம்மா மொய்ராவும்தான் அந்த நடை வரிசையைத் தொடங்கினோம். ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு, தென்கிழக்குக் காற்றில் பிள்ளைகளின் தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டு போவோம். என் வீடு பள்ளிக்குக் கிழக்கே, ஹெரான் தெருவில். அவள் வீடு மேற்கே. அப்போது பள்ளியைச் சுற்றி இருந்தது பிய்ந்துபோன கம்பிவலை. சுடத் தொடங்கினால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கிடைத்த ஓட்டை வழியாக உள்ளே பாய்ந்து வகுப்பில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஓட்டைகள் வழியாகப் பிள்ளைகள் மட்டும் வரவில்லை. ஒரு காலை இரண்டு பேர் ஒருவனைத் துரத்திக்கொண்டு முதல் வகுப்பு வரை வந்தார்கள். கரும்பலகையில் குண்டு பாய்ந்தது. அதன் பிறகு நாங்கள் இருவரும் ஒரே அட்டையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்றோம். அரசாங்கம் எங்களுக்கு வேலி தர வேண்டும் என்று. தந்தது.

நல்ல வேலி. குறை சொல்ல மாட்டேன். இரண்டு ஆள் உயரம். கம்பிகள் அவ்வளவு நெருக்கம், விரல் நுழையாது, கால் வைத்து ஏற முடியாது. ஆனாலும் அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். வாசல் மட்டும் ஒன்றுதான் என்றார்கள். எந்தப் பக்கம் என்பதைப் பெற்றோர் குழு முடிவு செய்யலாம். வாசல் இல்லாத பக்கத்துப் பிள்ளைகள் இனி காலி மனையைச் சுற்றி வர வேண்டும். அந்த மனையில் எந்தக் கும்பல்கள் துப்பாக்கியோடு நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொய்ரா என் சமையலறையில் உட்கார்ந்து, பாகில் ஊறிய கூசிஸ்டர் பணியாரம் தின்றுகொண்டிருந்தாள்.

“உன் பக்கம்தான்டி வாசல். என் கை உனக்குத்தான். பாகு ஒட்டலேன்னா இப்பவே தூக்கிக் காட்டுவேன்” என்றாள்.

கூட்டத்தில் கைகள் சரிபாதியாக நின்றன. கடைசியாக அவள் கை மேற்குப் பக்கத்துக்காக உயர்ந்தது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் தூக்கினாள். அதை நான் மதிக்கிறேன்.

வெளியே வந்ததும் அவளே பேசினாள். “எனக்கும் ஒரு பொண்ணு இருக்குல்ல, ஃபல்டி. அவ சின்னவ. உன் பையன் வளந்தவன், ஓடிருவான்.”

என் தவ்ரீக் அந்த மனையைச் சுற்றி ஓடினான். பன்னிரண்டு வயதுக்கு நன்றாகவே ஓடினான். அந்தக் குண்டு அவனுக்கு வைத்த குறி இல்லை என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள், ஏதோ ஆறுதல் போல. மொய்ரா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவனை அடக்கம் செய்த ஜனாஸாவுக்கு வந்தாள். நாள் முழுக்க என் வீட்டில் கோப்பை கழுவினாள். அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இவள் வீட்டுக்குப் போனால் இவள் மகள் கதவைத் திறப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

பிறகு தலைமை ஆசிரியர் அரெண்ட்சே என்னை வாசலில் நிற்கச் சொன்னார். ஏதாவது வேலை இருந்தால் மனதுக்கு நல்லது என்றார். சுடும் சத்தம் கேட்டால் உடனே பூட்ட வேண்டும் என்பது விதி.

“போலீஸ் வர்ற வரைக்கும் யாருக்கும் திறக்காதீங்க ஆண்ட்டி. என் பொண்டாட்டியே வந்தாலும் சரி.”

“அவங்க வந்தா சத்தம் கேக்காமலேயே பூட்டிருவோம் சார்” என்றாள் இன்னொரு அம்மா. எல்லோரும் சிரித்தோம்.

வாசலில் நிற்கும் அம்மாக்கள் யாரும் அந்த விதிப்படி நடந்ததில்லை. பள்ளிச் சீருடை தெரிந்தால் திறப்போம். ஒரு பிள்ளை நுழையும் அளவுக்கு மட்டும், பிறகு பூட்டு. நானும் பல முறை திறந்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை ஜோடீனுக்குப் பல்வலி. வரிசை முன்னமே வந்துவிட்டது. மொய்ராவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதால் தெருமுனையிலிருந்தே அவளைத் தனியாக அனுப்பிவிட்டாள். வாசல்தான் அவர்கள் பக்கமாயிற்றே, கூப்பிடு தூரம். கிழக்கே காலி மனையில் சத்தம் தொடங்கியது. நான் பூட்டினேன். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

“ஆண்ட்டி ஃபல்டி, நான் ஜோடீன்.”

அடையாளம் தெரியாமல்தான் நான் திறக்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

விதியைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம், சார்ஜென்ட். தலைமை ஆசிரியர்கூட அப்படிச் சொல்லத்தான் சொன்னார். ஆனால் அது சரியாக இருக்காது. பூட்டிய வாசல் முன்னால் அவள் அப்படியே படுத்திருந்தால் பிழைத்திருப்பாள். மேற்குப் பக்கம் ஒரு குண்டும் வரவில்லை. நான் கையை நீட்டிச் சொன்னது இதுதான்:

“இங்க பூட்டியாச்சு கண்ணு. எங்க பக்கமும் ஒரு வாசல் இருக்கு. மனையைச் சுத்தி ஓடு. நான் அங்க வந்து திறக்குறேன்.”

ஏழு வயது. அங்கே வாசல் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் என்று மொய்ரா சொல்லி வளர்த்திருந்தாள்.

“சரி ஆண்ட்டி” என்றாள்.

நான் உள்ளே வேலியோரமாக அவளோடு கூடவே போனேன். கடைசி வரை எல்லாம் தெரிந்தது. சொன்னபடி எங்கள் பக்கம் போய் நின்றேன். அந்த இடத்தில் ஒரு வாசல் இருந்திருக்க வேண்டும். அதனால் நான் சொன்னதைப் பொய் என்று எழுதாதீர்கள்.

மொய்ரா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தவ்ரீக் போன பிறகு என்னிடம் பேசும்போதெல்லாம் பாவம், அவள் வார்த்தையைத் தேடுவாள். எங்களுக்குள் பழைய பேச்சு வரவே இல்லை. இனி வரும். அவளை உள்ளே அனுப்புங்கள். இந்த நேரத்தில் அவளுக்குத் துணையாக இருக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.