ஸ்பிரிங் மாற்றும்போது கார் சரிந்தது குறித்துக் கன்னியம்மா சொன்னது

பெயர் கன்னியம்மா, வயது 41, கணவர் பெயர் ரகுபதி, தொழில் மீன் வியாபாரம், விலாசம் எண்ணூர் நெட்டுக்குப்பம், கோயில் தெருவில் கடைசி வீடு.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் மகள் அம்முவுடனும் குடியிருந்து வருகிறேன். என் கணவர் விசைப்படகில் டிரைவர். எங்களிடம் பழைய கார் ஒன்று உள்ளது. பின் சீட்டை மடக்கி அதில் மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி வருவதால் பின்பக்கம் தொய்ந்துபோய், பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டும். அம்முவுக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். கண்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில்தான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். வண்டி குலுங்கும்போது அவள் கத்தமாட்டாள், சீட் கவரைக் கடித்துக்கொள்வாள். கவர் கிழிந்திருப்பதை என் கணவர் பார்த்தார். அதன் பிறகு அவர் வண்டி சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், கனமான ஸ்பிரிங் இரண்டும் புது ஷாக் அப்சர்பர் இரண்டும் வாங்கி வந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடலுக்குப் போகாமல் இருந்த அவர், கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி வேலையை ஆரம்பித்தார். வலது பக்கம் சிமெண்டுத் தரையில் ஜாக்கி வைத்து மாற்றி முடித்தார். அதன் பிறகு இடது பக்கம் தூக்கினார். அந்தப் பக்கம் மணல் என்பதால் ஜாக்கி புதையும் என்று சொல்லி, வண்டிக்கு அடியில் நடுவில் ஓட்டை உள்ள ஹாலோ பிளாக் கல் ஒன்றை நிறுத்தி, வண்டியை அதன்மேல் இறக்கினார். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு, போல்ட்டைக் கழற்ற உள்ளே நுழைந்தார்.

அப்போது பக்கத்து வீட்டு சுயம்பு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கும் எங்களுக்கும் வண்டி நிறுத்தும் இடம் சம்பந்தமாகத் தகராறு உண்டு. ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் முன்பக்கம் பானட்டில் கையால் ஓங்கித் தட்டி, “வழி இன்னா உன் அப்பன் வூட்டு சொத்தா? நான் வலைய எங்க பிரிச்சிப் போடுறது?” என்றார். என் கணவர் அடியில் இருந்தபடியே, “ஒரு பக்கம்தான் பாக்கி கீது. முடிச்சிட்டு எடுத்துர்றேன்” என்றார். சுயம்பு திட்டிக்கொண்டே போய்த் தெருக்குழாயில் கால் கழுவினார். என் கணவர் அதன் பிறகும் வேலை செய்தார். ஸ்பேனர் கேட்டார், நான் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் இறுகிப்போன போல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தபோது கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. வண்டி சரிந்து அவர் மார்பின்மேல் இறங்கியது. உள்ளே கிடந்த சக்கரம் பாதி பாரத்தைத் தாங்கியது. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்முதான், “சுயம்பு மாமா, நைனா மேல வண்டி வுயுந்துடுச்சி!” என்று கத்தினாள்.

குழாயடியிலிருந்து ஓடி வந்த சுயம்பு, சக்கரம் இல்லாத இடத்துத் தகரத்தில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினார். என்னைப் பார்த்து, “இன்னா பாத்துகினு நிக்கிற? கால புடிச்சி இயு!” என்றார். நான் இழுத்தேன். என் கணவர் முழுவதும் வெளியே வரும்வரை சுயம்பு பிடியை விடவில்லை. தகரம் அவர் உள்ளங்கையைக் கிழித்து ரத்தம் சக்கரத்தின்மேல் சொட்டியது. அதன் பிறகு ஆட்டோவில் என் கணவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிவரை வந்ததும் சுயம்புதான். என் கணவருக்கு விலா எலும்பு மூன்று முறிந்துள்ளது. உயிருக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொன்னார்.

என் கொழுந்தனார் செல்வநாதன் சம்பவத்தின்போது அங்கு இல்லை. பானட்டைத் தட்டியதைத் தெருவில் யாரோ சொல்லக் கேட்டு, சுயம்பு வண்டியைத் தள்ளிவிட்டதாகப் போலீசில் புகார் கொடுத்துள்ளார். அதன்பேரில் சுயம்புவை இந்த ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறார்கள். நேற்று ஆஸ்பத்திரி வராண்டாவில் கொழுந்தனார் என்னிடம், “அண்ணி, நீ ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிட்டா போதும். அந்த ஆளு பேஜாரு இத்தோட ஒயியும்” என்றார். அதற்கு என் பதிலை இங்கே சொல்கிறேன். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். சுயம்புவின் கையில் உள்ள காயம் அடிதடியில் வந்தது அல்ல. நொறுங்கிய கல் இன்னும் வாசலிலேயே கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

அவருக்கும் எங்களுக்கும் முன்விரோதம் உண்டா என்று கேட்டதற்கு, உண்டு, அது இன்னும் தீரவில்லை. என் கணவர் எழுந்து வந்து இடது பக்கத்தையும் மாற்றுவார், வண்டியும் அதே இடத்தில்தான் நிற்கும். சுயம்பு மறுபடி சண்டைக்கு வருவார், நானும் விடமாட்டேன். அவர் வீட்டுக்குப் போனால்தானே அந்தச் சண்டை. அவரை அனுப்பிவிடுங்கள்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் கண்ணால் பார்க்காத எதையும் இதில் பார்த்ததாகச் சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை.

(ஒப்பம்) ர. கன்னியம்மா