ஆறாம் குழியில் பந்து விழுந்த விதம்

பெயர்: வடிவாம்பாள். வயது: 62. கணவர் பெயர்: சண்முகநாதன் (காலஞ்சென்றவர்). இருப்பு: மேலகரம், தென்காசி வட்டம். தொழில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை. சாரல் கோல்ஃப் கிளப் நிர்வாகம் என் பேரில் கொடுத்திருக்கும் மனு சம்பந்தமாக, உதவி ஆய்வாளர் ஜெயசித்ரா அவர்கள் முன்பு இன்று காலை நேரில் ஆஜராகி, யார் தூண்டுதலும் இல்லாமல் என் சுயபுத்தியோடு சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். ஆலங்குளத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கோகோ, கபடி, எறிபந்து என்று மாவட்டப் போட்டிகளில் நடுவராக இருந்திருக்கிறேன். ஊதிய விசிலை நான் யாருக்காகவும் திரும்ப வாங்கியது கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கீழே சொல்லப்போவது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். பெருமைக்காகவும்தான் என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மேற்படி கிளப் குற்றாலத்திலிருந்து செங்கோட்டை போகும் சாலையில், முன்பு மாந்தோப்பாக இருந்த இடத்தில், ஒன்பது குழிகளோடு இருக்கிறது. என் கணவர் அதில் உறுப்பினர். அவர்தான் என்னை அங்கே கூட்டிப்போய் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த வருஷமே அவரை ஜெயித்தேன். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கிளப் விதிப்படி உறுப்பினர் இறந்துபோனால் அவருடைய மனைவி தொடர்ந்து வரலாம், ஆனால் வருஷா வருஷம் நிர்வாகக் குழு கூடிச் சம்மதம் சொல்ல வேண்டும். மனைவி இறந்துபோனால் கணவர் யார் சம்மதமும் கேட்க வேண்டியதில்லை. அவர் போன பிறகு விடிந்ததும் எழுந்து குளித்து வெளியே இறங்க எனக்கு இருந்த ஒரே காரணம் அந்தப் புல்தரைதான். அது இல்லாமல் இருந்திருந்தால் நான் படுத்த படுக்கையாகியிருப்பேன். அதை இழந்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் பின்னால் சொல்லும் காரியங்களைச் செய்தேன்.

மேற்படி கிளப்பில் மாதம் ஒரு முறை வரும் 'சாரல் மடல்' என்ற செய்தித்தாளை நான்தான் எழுதி வந்தேன். யார் வீட்டில் பேரன் பிறந்தான், யார் மகளுக்கு விசா கிடைத்தது, யார் தோட்டத்தில் போர் போட்டுப் புழுதி வந்தது, புளியறைக்கு அந்தப் பக்கம் மழையும் இந்தப் பக்கம் வெயிலும் எப்படி அடித்தன, எல்லாம் அதில் வரும். தலைவர் தளவாயின் படம் எல்லா மாதமும் வரும். அவர் மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவர். கிளப்புக்குப் புல் வெட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்தவர். நல்ல மனிதர்தான், தோற்க மட்டும் தெரியாது.

சீசன் காலத்தில் எங்கள் புல்தரையில் குரங்குகள் வந்து பந்தை எடுத்துக்கொண்டு போவது சகஜம். நிற்கிற பந்தை மிருகம் நகர்த்தினால், நின்ற இடத்திலேயே திரும்ப வைத்து அடிக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. அடித்தவருக்கு இதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது. எங்கள் கிளப்பில், அப்போது பக்கத்தில் நின்றவர் யாரோ அவர் காட்டுகிற இடத்தில் பந்தை வைப்பது வழக்கம். அந்த வார்த்தைக்கு எதிர்வார்த்தை கிடையாது. தளவாயும் பல தடவை அப்படி வைத்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அங்கே எல்லோரும் விளையாடி வருகிறோம்.

இந்த ஆடி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாரல் கோப்பைப் போட்டி நடந்தது. போட்டியில் ஒருவர் எத்தனை அடி அடித்தார் என்பதைக் கூட ஆடுகிற இன்னொருவர் அட்டையில் எழுதி, முடிவில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத அட்டை செல்லாது. அன்று நானும் தளவாயும், தென்காசியில் டயர் கடை வைத்திருக்கும் காஜாவும் சேர்ந்து ஆடினோம். தளவாயின் அட்டை என்னிடம் இருந்தது.

ஆறாம் குழிக்கு அடிக்கும் இடம் மேட்டில் இருக்கிறது. குழி பள்ளத்தில், ஒரு பாறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அடித்த பந்து எங்கே போய் நின்றது என்று மேட்டிலிருந்து தெரியாது. மூன்று பேரும் அடித்தோம். அதன் பிறகு, என் பந்து இடது பக்கம் நாவல் மரத்தடிக்குப் போயிருந்ததால் நான் குறுக்குவழியாக இறங்கினேன், தளவாயும் காஜாவும் பேட்டரி வண்டியில் பாதையைச் சுற்றி வந்தார்கள். ஆகவே குழிக்குப் பக்கத்தில் முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். தளவாயின் பந்து குழியைத் தாண்டி இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. பிரமாதமாக அடித்திருந்தார், அதையும் சொல்லாவிட்டால் நான் நடுவர் இல்லை. அப்போது நாவல் மரத்திலிருந்து ஒரு பெண்குரங்கு வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு இறங்கி வந்தது. வால் பாதியில் அறுந்த அந்தக் குரங்கை நாங்கள் மொட்டைவாலு என்று கூப்பிடுவோம். அது பந்தை எடுத்து முகர்ந்து, கடித்துப் பார்த்து, குட்டிக்கும் காட்டியது. அதன் பிறகு இது தின்கிற சாமான் இல்லை என்று தெரிந்து, நாலடி நடந்து, போகிற போக்கில் கீழே போட்டுவிட்டு மரமேறியது. பந்து உருண்டு குழிக்குள் விழுந்தது.

அதன் பிறகு வண்டி வந்து நின்றது. தளவாய் பந்தை அங்கே இங்கே தேடிவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்து, "ஏலே காஜா, உள்ள கெடக்குலே! ஒரே அடிலே!" என்று சத்தம் போட்டார். அறுபது வயது மனிதர் புல்லில் மண்டியிட்டு அழுதார். ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போடுவது இந்த ஆட்டத்தில் பலருக்கு ஆயுசுக்கும் வாய்க்காத காரியம். அவர் அழுததைப் பார்த்தபோது எனக்கும் சொல்ல மனசு வரவில்லை. ஆனாலும் சொன்னேன். "தலைவரே, குரங்குல்லா எடுத்துப் போட்டுட்டு. பந்து இங்கன நின்னுது. எடுத்து வச்சு அடிங்க" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சரம்மா நல்லா தமாசு பண்ணுதீய" என்று சிரித்துவிட்டு, பந்தை எடுத்து முத்தமிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏழாம் குழிக்கு நடந்தார். ஆகவே ஆறாம் குழியை அவர் ஆடி முடிக்கவே இல்லை என்பது என் கட்சி.

ஒரே அடியில் போட்டவர் எல்லோருக்கும் சாப்பாடு போடுவது வழக்கம். அன்று மத்தியானம் செங்கோட்டை பார்டர் கடையிலிருந்து புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வந்து இறங்கின. நானும் சாப்பிட்டேன். அதைத் தின்றுவிட்டு எப்படிப் புகார் சொல்லலாம் என்று மனுவில் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் புரோட்டாவுக்கும் பகை ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அட்டையில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் மறுத்தேன். அவருடைய அட்டை செல்லாமல் போனால் அடுத்த இடத்தில் இருந்தது நான். அதனால் கோப்பைக்கு ஆசைப்பட்டு டீச்சர் குரங்குக் கதை விடுகிறாள் என்று அங்கேயே பேச்சுக் கிளம்பியது. உடனே நான் என் அட்டையை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப்போட்டு, கோப்பையை மூன்றாவதாக வந்த காஜாவுக்குக் கொடுங்கள், ஒரே அடி என்று மட்டும் எழுதாதீர்கள் என்று சொன்னேன். அதற்குக் காஜா, "எனக்கு வேண்டாம் மேடம், அண்ணாச்சியப் பகைச்சிட்டு நான் எங்கன கடை நடத்த?" என்றார். மரமில் லாரிகளுக்கு டயர் போவது அவர் கடையிலிருந்துதான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

மூன்றாம் நாள், கிளப் செயலாளர் காந்திமதிநாதன் என் வீட்டுக்கு வந்தார். என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு அத்தான் முறை. காபி குடித்துவிட்டு, "வடிவு, வார ஞாயித்துக்கெழம கமிட்டியில ஒம் பேரு வருது. ஒரு கையெழுத்தப் போட்டுட்டேன்னா மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார். போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "தெரிஞ்சுக்கிட்டே கேக்குதியே" என்றார். காபிக்குச் சீனி போதுமா என்று கேட்டு அவரை வாசல்வரை கொண்டுவிட்டேன்.

அதன் பிறகு நான் அந்த மாதத்துச் சாரல் மடலை எழுதினேன். வழக்கமான செய்திகளோடு, 'கோப்பைப் போட்டியில் ஆறாம் குழிக்குள் பந்தைப் போட்டது நாவல் மரத்து மொட்டைவாலு. அவளுக்கும் குட்டிக்கும் கிளப்பின் வாழ்த்துகள்' என்று ஒரு செய்தியும் எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். காலையில் வந்த பிரதிகளை மத்தியானத்துக்குள் திரும்பப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். மறுநாள் வேறொரு மடல் வந்தது. அதில் தளவாயின் ஒரே அடியை நானே கண்ணால் பார்த்துப் பரவசப்பட்டதாக அரைப் பக்கம் இருந்தது. அடியில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். அதுவரைக்கும் எனக்கு வருத்தம்தான். அதைப் படித்த பிறகுதான் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கமிட்டி கூடியது. அத்தான் வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இந்த வருசம் ஒம் பேரு இல்ல வடிவு" என்றார். சரி என்றேன். என் கையெழுத்து இல்லாமலே, அன்று பத்து மணிக்குத் தளவாய்க்குப் பரிசளிப்பு என்று போர்டில் எழுதியிருந்தது. கோப்பை முன்ஹாலில் கண்ணாடி அலமாரியில் இருந்தது. பூட்டை உடைத்தேன் என்று மனுவில் சொல்லியிருப்பது பொய். சாவி குற்றாலநாதர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும், அது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அதை எடுத்துத் திறந்து, கோப்பையை எடுத்து, அலமாரியைத் திரும்பப் பூட்டிச் சாவியையும் ஆணியிலேயே மாட்டினேன். மறைத்துக் கொண்டுபோனேன் என்பதும் பொய். எல்லோரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹால் வழியாகத்தான் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். "டீச்சர், கப்ப எங்கன கொண்டு போறிய?" என்று ஒருவர் கேட்டதற்கு, பரிசு கொடுக்கப் போகிறேன் என்று பதில் சொன்னேன். போகிற வழியில் மேஜையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஆறாம் குழிக்குப் போனேன். என் பின்னால் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கோப்பையைக் குழியில் நட்டிருந்த கொடிக்கம்பத்தடியில் வைத்து, அதற்குள் கொள்ளுகிற மட்டும் பழங்களைப் போட்டு, மைதானத்தில் கூப்பிடுகிற குரலில், "சாரல் கோப்பை, ஆறாம் குழி, முதல் பரிசு, மொட்டைவாலு" என்று அறிவித்தேன். அது குட்டியோடு இறங்கி வந்தது. யாரோ கை தட்டினார்கள். திரும்பிப் பார்த்தேன், காஜா. அதற்குள் தளவாய் வண்டியில் வந்து இறங்கி, "இது என்ன நியாயம் டீச்சரம்மா?" என்று கேட்டார். உள்ளே போட்டவளுக்குக் கொடுத்தேன் தலைவரே, உங்களுக்கு ஆட்சேபணை இருந்தால் அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அந்த வெள்ளிக் கோப்பை ஒரு செம்பு அளவுதான் இருக்கும். மொட்டைவாலு பழங்களைத் தின்று முடித்து, கோப்பையின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரமேறி, அங்கிருந்து மதில் தாண்டி மலைப்பக்கம் போய்விட்டது. தலைவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் பார்த்தோம்.

கோப்பை இருக்கும் இடத்தை அடையாளம் காட்ட முடியுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார். என்னைக் கூட்டிப்போனால் நாவல் மரத்தைக் காட்டுகிறேன். அதற்கு மேல் அந்தக் குரங்கைத்தான் விசாரிக்க வேண்டும். குரங்குக்குத் தீனி கொடுக்கக்கூடாது என்று வனத்துறை போர்டு வைத்திருப்பது எனக்குத் தெரியும். பழம் கொடுத்தது தப்பு, அதற்கு உள்ள அபராதத்தைக் கட்டத் தயாராக இருக்கிறேன். வெள்ளிக்கு என்ன விலையோ அதையும் கிளப்புக்குக் கட்டுகிறேன். திருடினேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். திருடுகிறவள் பொருளைத் தன் வீட்டுக்குக் கொண்டு போவாள்.

சற்று முன்பு காந்திமதிநாதன் அத்தான் நிலையத்துக்கு வந்து, தளவாயின் அட்டையை இந்த மேஜையில் என் முன்னால் வைத்தார். இப்போதும் கையெழுத்துப் போட்டால் மனுவை வாபஸ் வாங்கி, என் பெயரைத் திரும்பச் சேர்ப்பதாகத் தலைவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன். இதே நிலைமை வந்தால் இதையே திரும்பச் செய்வேன், வாழைப்பழத்துக்குப் பதிலாகக் கொய்யா வைத்தாலும் வைப்பேன். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் சொன்னதை எழுதியபடி வாசித்துக் காட்டக் கேட்டேன். சொன்னபடியே இருக்கிறது, நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். அந்த அட்டையில் போட மறுத்த கையெழுத்தை இதன் அடியில் போடுகிறேன்.

(ஒப்பம்)
வடிவாம்பாள்