சம்பலில் கூடிய புளி

வெள்ளவத்தையில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். வெளியே மார்கழி மழை.

“ஆஸ்பத்திரியில மூண்டு நாளா மயக்கமாக் கிடந்த என்ர மனுசன், இண்டைக்குக் கண் முழிச்ச உடனே, ‘சம்பலுக்குப் புளி கூடிப்போச்சு’ எண்டார், அக்கா.”

“எந்தச் சம்பல்?”

“நேற்று நான் வீட்டில செய்தது. குளிருக்கு வயிறு நிறையட்டும் எண்டு வல்லாரையோட அவிச்ச கடலையும் போட்டனான். தேசிக்காய்ப் புளி கூடித்தான் போச்சு.”

“நீ அவரிட்டச் சொல்லியிருப்பாய்.”

“ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல. தனியத்தான் சாப்பிட்டனான்.”

மற்றவர் முழுதாக அவர் பக்கம் திரும்பினார்.

“‘உனக்கு முன்னால இருந்து சாப்பிட்டது ஆர்?’ எண்டும் கேட்டார். அக்கா, இண்டைக்கு உங்களோட வந்து நிக்கட்டே?”

“ஓம், நேர வா. உடுப்பு எடுக்கவும் உன்ர வீட்டுப் பக்கம் போகாத.”