அவலூர்பேட்டைக்கு ரெண்டு

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் ஓர் அப்பாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் கிளம்பியதும் மகள் சொன்னாள்:

"நைனா, டாக்டர் பட்டம் வாங்கறதுக்குள்ள நானே டாக்டர பாக்கப் போயிட்டேன்."

"உடம்புக்கு இன்னாம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மனசுக்குப் பாக்குற டாக்டரு. நாலு வருசமா ஆராய்ச்சி பண்றேன். எத எழுதிக் குடுத்தாலும் சரியில்லன்னு திரும்பி வருது. லேப்டாப்ப தொறந்தாலே ஒடனே மூடி வச்சிடுவேன். ரெண்டு மாசம் தூக்கமே இல்ல."

அவர் தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எம்பொண்ணு டாக்டராவப் போவுதுன்னு நீ ஊரெல்லாம் சொல்லிட்டிருந்த. எப்டி சொல்றது?"

"அப்ப படிப்ப வுட்டுடலாமா?"

"வுடமாட்டேன். மாத்திர சாப்புடறேன், இப்ப நல்லா தூங்கறேன். ஆறு மாசம் லீவு வாங்கிக்கினேன். அப்பறம் போயி முடிப்பேன். என்னால முடியும் நைனா."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

கண்டக்டர் வந்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர்போல. "இன்னாண்ணே, பொண்ணு வந்துக்குது? படிப்பு முடிஞ்சிடுச்சா?"

மகள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னும் இல்லப்பா," என்றார் அப்பா, பின் சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில். "மனசு சரியில்லாம இருந்துச்சு. அதுவே போயி டாக்டர பாத்துச்சு. இப்ப தேவல. ஆறு மாசம் கழிச்சுப் போயி முடிக்கும். அவலூர்பேட்டைக்கு ரெண்டு குடு."