அறுபது சட்டைக் கிருமி

– எந்திரிக்காதீங்க. டாக்டர் வந்தா என்னைத்தான் பிடிச்சுக்குவார்.

– அஞ்சு நாளா ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கேன். உன் தம்பிக்கும் இதே மலேரியாதான். மூணு நாள் மாத்திரை முழுங்கிட்டு, ‘என்ன மாமா, ஒரு கொசுவுக்கே கவுந்துட்டீங்க’ன்னு கேக்கறான்.

– அதுக்காக வீட்டை விட்டே துரத்துவீங்களா? பாவம், சிநேகிதன் ரூம்ல தரையில படுத்திருக்கான்.

– அணை வேலைக்குப் போய் இந்தச் சனியனைக் கூட்டிட்டு வந்தவனே அவன்தான். லேப்ல கிருமியோட மரபணு பாக்கறவ நீ. எங்க ரெண்டு பேர் ரத்தமும் என்ன சொல்லுது? எனக்கு வந்தது வேற, முரட்டு ரகம்தானே?

– அவன் கொண்டுவந்ததுன்னா ஒரே ரகமா இருக்கணும். வேற ரகம்னா அவன் மேல பழி போட முடியாது. எது வேணும் உங்களுக்கு?

– ரெண்டும்.

– ஒரே ரகம்தான். மூணு தடவை சரிபார்த்துட்டேன்.

– அப்போ நான்தான் நோஞ்சானா?

– அப்படியில்லைங்க. அந்தக் கிருமிகிட்ட சுமார் அறுபது சட்டைக்கு மரபணு இருக்கு. சட்டைன்னா, அது புகுந்த ரத்த அணு மேல மாட்டிவிடற புரதம். ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் போடும், அப்பப்போ மாத்திக்கும். சில சட்டை ரத்தக்குழாய்ல போய் ஒட்டிக்கும். அப்பதான் நோய் முத்தறது ஜாஸ்தி. உங்களுக்குள்ள அந்த மாதிரி சட்டைதான் நிறைய.

– அவனுக்குள்ள?

– வேற. அணைப் பக்கம் முன்னாடியே ரெண்டு தடவை வந்திருக்கு அவனுக்கு. ஒட்டற சட்டையை அவன் உடம்பு அடையாளம் கண்டு விரட்டியிருக்கலாம். அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

– நீ கல்யாணத்துக்கே ‘இப்போதைக்குச் சம்மதம்’னு சொன்னவதானே. சரி, முரட்டுச் சட்டை எனக்குத்தான்னு அவன்கிட்ட சொல்லிடு. கொண்டுவந்தது அவன்தான்னும் சொல்லு.

– அங்கதான் இடிக்குது. நோயில்லாத ரத்தம் ஒண்ணு பக்கத்துல வெச்சுப் பாக்கணுமேன்னு என்னோடதையும் சோதிச்சேன்.

– உனக்கு ஒரு தும்மல்கூட வரலையே.

– வரலை. ஆனா அதே ரகம் இருக்கு. தம்பி அணையிலேருந்து வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி நான் லேப்ல கொடுத்த ரத்தம் ஃப்ரீசர்ல இருந்துது. அதுலயும் இருக்கு. மலேரியா வந்தவங்க ரத்தம் எடுக்கறேன்னு நாலு வருஷம் காடு மேடெல்லாம் சுத்தினேனே, உடம்புக்குப் பழகிப்போய்க் காய்ச்சலே இல்லாம சுமந்துட்டிருக்கேன் போல.

– அப்போ நம்ம வீட்டுக் கொசு...

– என்னைக் கடிச்சிட்டுத்தான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் வந்திருக்கும்.

– போனை எடு.

– டாக்டருக்கா?

– உன் தம்பிக்கு. அவன் வீட்டுக்குத் திரும்பி வரட்டும், நீ இந்தப் பக்கத்துக் கட்டில்ல படு.